ஆவுடையின் குரலுக்கு ஒரு பிரீஆம்ப்

கிட்ட வந்து உக்காருங்க, உபதேசியாரே. வாசல்ல நின்னா நான் சொல்றது ஒண்ணும் கேக்காது. இந்தப் பக்கம் எட்டுத் தறி, அந்தப் பக்கம் பன்னெண்டு தறி, நடுவுல என் கடை. அந்த ஸ்டூல் ஆடும், ஆனா விழாது. இன்னும் கொஞ்சம் கிட்ட. ஆங், போதும்.

பையை இப்படிக் குடுங்க. மூணு மைக்கு. மூணும் காணிக்கையா? சபையில மூணு குடும்பம், ஆளுக்கு ஒண்ணு குடுத்திருக்கு. ஒருத்தர் குடுத்ததுல பேசி, மத்தவர் குடுத்ததுல பேசலைன்னா ஞாயித்துக்கிழமை யாரும் யார் முகத்தையும் பாக்க மாட்டாங்க. புரியுது. மூணும் வேலை செய்யணும், ஒரே பெட்டியில செய்யணும், எந்த சர்க்யூட் போடலாம்னு கேக்கீங்க. நல்ல கேள்வி. இதே கேள்விய வெச்சுக்கிட்டு ஏழு மாசம் இந்த மேசையில உக்காந்திருக்கேன். நான் படிச்சது அஞ்சாங் கிளாஸ்தான், ஆனா காது பாம்புக் காது. நூறு பேர் இருக்குற கல்யாண வீட்டுல எந்த ஒயர்ல ‘உம்’முனு வருதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிருவேன். இந்த வட்டாரத்துல கேட்டுப் பாருங்க, சவுண்ட் சர்வீஸ் உலகநாதன் காதுக்குத் தப்பி ஒரு சத்தம் போகாதும்பாங்க.

இது டைனமிக் மைக். உள்ள ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், அவ்வளவுதான். கீழ போட்டா எடுத்துத் துடைச்சிட்டுப் பேசலாம். ஆனா பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி, குடுக்குற சத்தம் ரொம்பச் சின்னது. இதுக்கு அடுத்து நிக்கிற பிரீஆம்ப் அதை எரநூறு பங்கு, முந்நூறு பங்கு தூக்கி விடணும். தூக்கும்போது தானா இரையக் கூடாது. இரைஞ்சா பேச்சு அதுல முங்கிப் போயிரும்.

இது கிறிஸ்டல். எங்க புடிச்சாங்க இதை? சத்தம் தாராளமாக் குடுக்கும், ஆனா பாரம் தாங்காது. டைனமிக்குக்குப் போட்ட இன்புட்டுல இதைச் சொருகினா அடிக்குரல் மொத்தமும் போயி, தகர டப்பாவுக்குள்ள பேசின மாதிரி ஆயிரும். இதுக்கு எஃப்இடின்னு ஒரு டிரான்சிஸ்டர் போட்டு, மெகா ஓம் கணக்குல இன்புட் வாசலை வெக்கணும். இழுக்கப்படாது, அதுவா வரணும். மழைக்காலத்துல துணி சுத்தி வைங்க, ஈரம் பட்டா செத்துப் போவும்.

இது கண்டென்சர். இதுக்கு முதல்ல சோறு போடணும். பெட்டியிலிருந்து அதே ஒயர்ல கரண்டு அனுப்பினாத்தான் வாயைத் திறக்கும். அனுப்புன கரண்டு பேச்சோட சேந்து திரும்பி வந்திராம ஒரு கெப்பாசிட்டர் காவல் நிக்கணும். காது ரொம்பக் கூர்மை இதுக்கு. நீங்க ஜெபம் பண்ணினா கடைசி வரிசையில யார் கொட்டாவி விட்டாங்கன்னு சேத்துக் கொண்டாந்து குடுக்கும்.

அதனால மூணுக்கும் மூணு வாசல் வெச்சு ஒரே பெட்டி. சேத்துத் தாரேன். இந்த மூணையும் நான் ஆவுடைக்குச் செஞ்சு பாத்தாச்சு.

ஆவுடைன்னா என் வீட்டுக்காரி. போயி ரெண்டு வருசம் ஆச்சு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. முப்பத்தோரு வருசம் அவ, நான், இந்தத் தறிச் சத்தம்.

எங்க ரெண்டு பேர்ல கெட்டிக்காரி அவதான், அதை நான் எங்கயும் சொல்லுவேன். பத்தாவது முடிச்சவ. பெட்டி ஒண்ணு செஞ்சு முடிச்சா நான் இங்க ஹெட்போன் மாட்டிக்கிடுவேன், அவ உள்ள மைக்கைப் புடிச்சுப் பேசணும். ஊருல எல்லாரும் ‘ஹலோ, ஒன், டூ, த்ரீ’ம்பாங்க. இவ சொல்ல மாட்டா. “இன்னைக்குக் கத்தரிக்காய் முத்தலு, வாங்கிட்டு வந்தவர் முத்தலு, ரெண்டையும் ஒரே சட்டியில போட்டிருக்கேன்”ம்பா. நான் இங்கிருந்து, “ஸ-வுல சீறுது, திருப்பிச் சொல்லு”ம்பேன். அவ திருப்பிச் சொல்லும்போது இன்னும் ரெண்டு சேத்துச் சொல்லுவா. அப்படி ஒரு குரல். கணீர்னு இருக்கும். தறி இருபதும் ஓடும்போது அடுப்படியிலிருந்து கூப்பிட்டா எனக்கு இங்க கேக்கும்.

அவ போன அந்த வருசம் சித்திரையில கழுத்துல ஒரு கட்டின்னு ஆபரேஷன் பண்ணினாங்க. கட்டி பக்கத்துல குரல் நரம்பு ஓடுமாம், அது சோந்து போச்சு. சில பேருக்கு அப்படி ஆகுமாம். திரும்பி வரலாம், வராமலும் போகலாம்னாரு டாக்டர். வீட்டுக்கு வந்து வாயைத் திறந்தா காத்துதான் வருது. உதடு அசையுது, மூச்சு போவுது, தறி ஓடுது. எனக்கு ஒண்ணும் கேக்கலை.

முதல் வாரம் என் சட்டையைப் புடிச்சு இழுத்து, காதுகிட்ட வாயை வெச்சுப் பேச வந்தா. எனக்குக் கூசும் பாத்துக்கிடுங்க. சின்ன வயசிலிருந்தே காதுல யாரும் ஊதினா எனக்கு ஆகாது. அதோட கடை வாசல் திறந்து கிடக்கு, போறவன் வர்றவன் பாப்பான். “தள்ளு தள்ளு, ஊருக்கெல்லாம் மைக்குக் கட்டுறவன் பொண்டாட்டிக்கு மைக்கு இல்லையா? பத்து நாள் பொறு. நீ மூச்சு விட்டாலே எனக்கு இங்க மணி அடிச்ச மாதிரிக் கேக்கும், பாரு”ன்னேன். அவ சட்டையை விட்டுட்டா. மடிப்புல விழுந்த சுருக்கத்தை நீவிவிட்டுட்டுப் போயிட்டா.

முதல்ல டைனமிக் போட்டேன். முந்நூறு பங்கு, அறுநூறு பங்கு, ஆயிரம் பங்கு. வெறும் காத்துக்கு எவ்வளவு தூக்கினாலும் காத்துதான் வருது. கூடவே என் சர்க்யூட்டோட இரைச்சலும் ஆயிரம் பங்கு. இரைச்சல் கம்மியான டிரான்சிஸ்டரா தேடி மதுரைக்குப் போனேன், ரெண்டு நாள் தங்கி அலைஞ்சேன். அவ தனியா இருந்தா. தேய்ப்புக் கடை மாசானம் சம்சாரம் இசக்கி கூட வந்து படுத்துக்கிட்டா.

வைகாசியில கிறிஸ்டல். தலை நாள் அருமையா வந்துச்சு. “தண்ணி”ன்னு அவ சொன்னது எனக்குக் கேட்டுச்சு. நான் துள்ளிட்டேன். தண்ணின்னு கேட்டுச்சே தவிர, தண்ணி கொண்டுபோய்க் குடுக்கணும்னு தோணலை. வாசல் மதிப்பு எவ்வளவு மெகா ஓம்னு நோட்டுல எழுதிக்கிட்டு இருந்தேன். சாயந்தரம் இசக்கி வந்து, “என்ன அண்ணாச்சி, அக்கா எந்திரிச்சுப் போயி மொண்டு குடிக்காக?”ன்னா. அந்த ராத்திரியே மழை. கிறிஸ்டல் ஈரம் குடிச்சுப் போச்சு.

ஆனியில ஒரு யோசனை. வாயிலிருந்துதானே காத்து வருது, கழுத்துலயே ஒட்டிப் புடிச்சா என்ன? கடிகார பஸ்ஸர்ல தகடு ஒண்ணு இருக்கும், பத்துப் பைசா அகலத்துல. அதைத் துணிப் பட்டையில தைச்சு அவ தொண்டையில கட்டினேன். அதுவும் கிறிஸ்டல் சாதிதான், அதே எஃப்இடி போதும். ஹெட்போன் மாட்டிக்கிட்டு, “பேசு”ன்னேன். பேச்சு வரலை. குரல் அதிர்ந்தாத்தான கழுத்துல வரும்? எச்சி முழுங்குற சத்தம் வந்துச்சு. அப்புறம் ‘டொப்பு டொப்பு, டொப்பு டொப்பு’ன்னு ஒண்ணு. முதல்ல என்னமோன்னு பயந்துட்டேன். அது அவ நாடி. நெஞ்சு அடிக்குறது கழுத்து வழியா வருது. என்னமா வருது தெரியுமா, நான் இருக்குற இடத்துல அவ இருதயம் அடிக்கு. பேச்சுக்கு அது இடைஞ்சல் இல்லையா? ஒரே ஒரு கெப்பாசிட்டரை மாத்தினேன். அடிச்சத்தம் சுத்தமாப் போச்சு. ஒரு ‘டொப்பு’ இல்லை. அவ்வளவு துல்லியமா வெட்டிட்டேன். அந்த வேலையை நினைச்சா எனக்கே இன்னும் பெருமைதான்.

ஆடி பொறந்துச்சு. கடைசியாப் பிடிச்சது காலர் மைக். இது கண்டென்சர்லயே தன் சோத்தைத் தானே கட்டிக்கிட்டு வர்ற சாதி. ஒரு சின்னக் குழல்ல பென்சில் செல் ஒண்ணு போட்டா போதும். முந்தானையில குத்தினா உதட்டுல இருந்து ஒரு சாண். இது வேலை செஞ்சுது, உபதேசியாரே. உள்ள கிசுகிசுத்தா ஹெட்போன்ல வார்த்தை வார்த்தையா வந்துச்சு. ஒரே ஒரு வம்பு. காது கூர்மையில்லையா, இருபது தறியையும் சேத்து அள்ளிக்கிட்டு வரும். அவ ஒரு வார்த்தை, தறி ஆயிரம் வார்த்தை. தறிச் சத்தம் எந்த இடத்துல நிக்கி, பேச்சு எந்த இடத்துல நிக்குன்னு பாத்து வெட்டணும். அதுலயே இருந்தேன். அவ உள்ள, நான் இங்க. நடுவுல எட்டடி ஒயர்.

டீ வந்துருச்சு. வாங்க பீர்முகமது. இவரு நம்ம டீக்கடை. உபதேசியார், சேர்ந்தமரத்துப் பக்கத்துலருந்து வந்திருக்காக.

பாத்தீங்களா, எப்படிச் சிரிச்சுக்கிட்டுக் கேக்காருன்னு? “என்ன அண்ணாச்சி, விருந்தாளியக் கிட்ட உக்கார வெச்சாச்சு போல”ங்காரு. இந்தத் தெருவுல அது ஒரு பேச்சு. நான் உங்களை உள்ள வந்ததும் கிட்ட வந்து உக்காருங்கன்னேன்ல, அது கூட இவங்ககிட்ட தொத்துனதுதான். எப்பவோ கிளம்புச்சு. ஊருக்குள்ள அப்பப்ப இப்படி ஒண்ணு கிளம்பும், அப்புறம் அடங்கிரும். இது மட்டும் அடங்கலை. போய்ட்டு வாங்க பீர்முகமது, கிளாஸை நானே கொண்டாந்து தாரேன்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆடி. இப்பத்தான் என் வயித்தெரிச்சலுக்கு வாரேன்.

மாசத்துல ஒருநாள் பராமரிப்புன்னு காலையிலிருந்து சாயந்தரம் வரைக்கும் கரண்டை நிறுத்துவாங்கல்ல, அன்னைக்கு அந்த நாள். தறி இருபதும் படுத்துருச்சு. தெருவுல காக்கா இறக்கை அடிச்சாக் கேக்கும். எனக்கு அது தங்கமான நாள். தறி இல்லாம ஆவுடை குரலை மட்டும் தனியா அளந்துரலாம். காரு பேட்டரியில பெட்டியை ஓட விட்டேன், அவ முந்தானையில மைக்கைக் குத்தினேன். பேட்டரியில தண்ணி கொறஞ்சு கிடந்துச்சு. “இரு, பேட்டரித் தண்ணி வாங்கிட்டு ஓடி வாரேன்”னு சொல்லியிருக்கணும். சொன்னேனா இல்லையான்னு இப்ப ஞாபகம் இல்லை. அவ நான் இங்க ஹெட்போனோட உக்காந்திருக்கேன்னு நினைச்சிருக்கா.

ஒண்ணை மறந்துட்டேன். ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கோயில் பக்கம் கட்டுறதுக்குன்னு ரெண்டு குழாய் ஸ்பீக்கரை மொட்டை மாடியில தூக்கி வெச்சு, அன்னைக்கு விடியக்காலையில சோதிச்சேன். அந்த ஒயரைப் பெட்டியிலிருந்து கழத்தலை. ஹெட்போனுக்குப் போற அதே பேச்சு குழாய்க்கும் போவுது. முப்பது வருசம் தொழில் பண்ணினவன் செய்யுற தப்பா அது? கத்துக்குட்டி கூடச் செய்ய மாட்டான்.

நான் ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட, பேட்டரிக் கடையில நிக்கேன். அவன் ஜெனரேட்டர் ஓடுது. பக்கத்துல பேசினாலே கேக்காது. ஆவுடை இங்க பேசியிருக்கா. தெரு மொத்தமும் கேட்டிருக்கு.

திரும்பி வந்தா, தெருவுல எல்லாரும் வெளிய நிக்காங்க. மாசானம் தேய்ப்புப் பெட்டியைக் கையில தூக்கிப் புடிச்சபடி நிக்கான், கீழ ஒரு வேட்டி கிடக்கு. இசக்கி கண்ணைத் துடைக்கா. நான் பதறிட்டேன், ஆவுடைக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு.

“ஒண்ணும் இல்லை அண்ணாச்சி. அக்கா பேசினாக. குழாயில வந்துச்சு”ன்னான் மாசானம்.

“என்ன பேசினா?”

“ஒரே ஒரு வார்த்தைதான்.”

“என்ன வார்த்தை வே?”

“அதை எங்கிட்ட கேட்டா? வீட்டுக்குள்ள போயி அவுககிட்டக் கேளுங்க.”

“முதல் தடவை தெரியாமச் சொல்லிட்டாக அண்ணாச்சி,” இசக்கி சொன்னா. “சொன்னது மாடியிலிருந்து அவுகளுக்கே கேட்டிருக்கும்லா. அப்புறம் ரெண்டாவது தடவையும் சொன்னாக. இன்னும் நிறுத்தி, நிதானமா.”

நீங்களே சொல்லுங்க. தெருவுக்குக் கேக்குன்னு தெரிஞ்ச பிறகும் எதுக்கு ரெண்டாவது தடவை? என்னைப் பத்தி என்னமோ குறைதான் சொல்லியிருக்கா. எங்கம்மா காலத்துச் சங்கதி எதையாவது இழுத்திருப்பா. இல்லைன்னா எல்லாரும் என்னை அப்படிப் பாப்பாங்களா, பாவம் போல?

உள்ள போயி கேட்டேன். “தெருவுல என்னத்தச் சொன்னே?” அவ என் முகத்தையே பாத்தா. சிலேட்டு ஒண்ணு வெச்சிருந்தா, அவசரத்துக்கு எழுத. எடுத்து ஒரு வரி எழுதினா. எனக்குப் பக்கத்துப் பார்வை கிடையாது. மேசைக்கு வந்து கண்ணாடியத் தேடினேன். மேசையில பெட்டி விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருக்கு, மீட்டர் முள்ளு ஆடுது. பேட்டரித் தண்ணியை ஊத்திட்டுப் போயிரலாம்னு ஊத்தினேன். போய்ப் பாத்தா, உள்ளங்கையால அழிச்சிருக்கா. கையெல்லாம் பலப்பத் தூள்.

அன்னையிலிருந்து தெருவுல கேக்காத ஆள் கிடையாது. பீர்முகமதுகிட்ட கேட்டேன். “என்ன அண்ணாச்சி, தெரியாத மாதிரிக் கேக்கீங்க”ன்னு பெஞ்சைத் தட்டி, “இந்தா, கிட்ட வந்து உக்காருங்க”ன்னாரு. உக்காந்தேன். டீயைக் குடுத்தாரே தவிர பதில் குடுக்கலை. தேய்ப்புக் கடைக்குப் போனேன். நான் வர்றதைப் பாக்காம இசக்கி மாசானத்தைக் கேலி பண்ணிக்கிட்டு இருக்கா. ரகசியம் பேசுற மாதிரிக் குரலை ஒடுக்கி, “கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்களேன்”ங்கா. அவன் பெட்டியை நிமித்தி வெச்சுட்டு நிசமாவே போயி அவ பக்கத்துல உக்காருதான், நட்ட நடுப் பகல்ல. என்னைப் பாத்ததும் ரெண்டு பேரும் எந்திரிச்சுட்டாங்க. பிள்ளைங்க கூட பேப்பரைக் குழாயாச் சுருட்டி அதையே சொல்லி விளையாடிச்சு. ஆளாளுக்கு விளையாட்டு. நான் ஒருத்தன் கேட்டதுக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

தெருவுக்குச் சொன்னதை எனக்குச் சொல்லலையே அவ. அதுதான் உபதேசியாரே இன்னும் எனக்கு ஆறலை. ராத்திரி கரண்டு போயி தறி நின்னா, படுத்துக்கிட்டே காதைத் தீட்டிக்கிட்டுக் கிடப்பேன். சொன்ன சத்தம் எங்கயாவது ஒட்டிக்கிட்டு இருக்காதான்னு. கோட்டித்தனந்தான்.

கொஞ்ச நாள் மைக்கைத் தொட மாட்டேன்னுட்டா. அப்புறம் ஆவணியில அவளே எடுத்துக் குத்திக்கிட்டா. என் வேலை நின்னுரக் கூடாதுன்னு நினைச்சிருப்பா. நான் மூணு வாசல் வெச்சு ஒரு பெட்டி கட்ட ஆரம்பிச்சேன். எந்த மைக் சரியா வருதோ அதுக்குத் திருப்பிக்கிடலாம். தறிச் சத்தத்தை வெட்ட ஒரு தனிச் சர்க்யூட். அவ மெலிஞ்சுக்கிட்டே வந்தா. ஆஸ்பத்திரிக்கு இசக்கிதான் கூடப் போயிட்டு வந்தா, ரெண்டு தடவை. வந்து என்கிட்ட, “அண்ணாச்சி, இந்த மேசையக் கொஞ்ச நாள் மூடி வைங்க”ன்னா. “இன்னும் எட்டு நாள்ல முடிஞ்சிரும்”னேன். நான் பெட்டியச் சொன்னேன்.

ஐப்பசியில முடிஞ்சுது. அன்னைக்கும் அந்தப் பராமரிப்பு நாள்தான், தறி இல்லை. மத்தியானம். லேசாத் தூறல். உங்க முன்னால இருக்கே, இதே பெட்டி. இரைச்சல் துளி கிடையாது. சத்தியமாச் சொல்லுதேன், என் ஆயுசுல அப்படி ஒரு பெட்டி கட்டினது இல்லை. அவ கட்டில்ல கிடந்தா. முந்தானையில மைக்கைக் குத்திட்டு, ஓடி வந்து ஹெட்போனை மாட்டிக்கிட்டு, “இப்பச் சொல்லு ஆவுடை”ன்னேன். மூச்சு வந்துச்சு. அப்படியே பக்கத்துல படுத்திருக்கற மாதிரி. அப்புறம் ‘டக்’னு ஒரு சத்தம். அதோட ஒண்ணும் இல்லை.

போய்ப் பாத்தா, குழலைத் திறந்து செல்லைக் கழத்திக் கையில வெச்சுக்கிட்டு இருக்கா. பேச்சு இல்லாத நேரத்துல செல்லு வீணாப் போகுதுன்னு கழத்தியிருக்கா. அந்த நேரத்துலயும் பாருங்க, எவ்வளவு புத்தி. இன்னொரு கையால கட்டில் சட்டத்தை ரெண்டு தட்டுத் தட்டினா. நான் அந்தச் செல்லை வாங்கிட்டு வந்து மீட்டர்ல வெச்சுப் பாத்தேன். ஒன்றரை வோல்ட்டு. முழுசா இருந்துச்சு, ஒரு குறையும் இல்லை. எதுக்கும் புதுசு ஒண்ணு போட்டுரலாம்னு அலமாரியில தேடினேன். செல்லு எங்க வெச்சேன்னு தெரியாம கொஞ்ச நேரம் ஆயிப்போச்சு.

புதுச் செல்லோட உள்ள போனேன். அதுக்குள்ள அவ மூச்சு அடங்கியிருந்துச்சு. ஒத்தை ஆளு கட்டில் இல்லை அது, ரெண்டு பேர் படுக்குறது. அவ உடம்பு இருந்த இருப்புக்கு அதுல எங்க வேணும்னாலும் கிடக்கலாம். சுவர் குளிர்ச்சியா இருக்கும்னு நினைச்சாளோ என்னமோ, அவ்வளவு ஏலாத உடம்பை எப்படி நகத்தினாளோ, சுவரோட சுவரா ஒட்டிப் போயிருந்தா. இந்தப் பக்கம் பாதிக் கட்டிலைக் காலியா விட்டு, விரிப்புச் சுருக்கத்தை நீவி, அதுமேல கையை விரிச்சு வெச்சிருந்தா.